அன்னம்மா சிஸ்டர் பேசாமல் வைத்திருந்த தமிழ்

மொழி சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, "உங்கள் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவள் சுருக்கமாகவே சொல்லிவிடுவாள் என்று நம்புகிறீர்கள். அந்த வெள்ளை மனதுக்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவருடைய சொல்வளத்தை நான்காகப் பிரித்துக் கட்டம் போட்டிருக்கிறார்கள். கேட்டால் புரியும் சொற்கள், படித்தால் புரியும் சொற்கள், பேச வரும் சொற்கள், எழுத வரும் சொற்கள். நான் குறை சொல்ல வரவில்லை, பிரித்தது சரிதான். ஆனால் படத்தில் நான்கு கட்டமும் ஒரே அளவில் இருக்கின்றன. நீங்களும் அப்படியே நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவீர்கள். மாணவர் வாய் திறக்கவில்லை என்றால் அவரிடம் சரக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நானும் அந்த முடிவுக்குப் பக்கம் வரைக்கும் போனவள்தான். அங்கே என்னைத் தடுத்து நிறுத்தியவர் ஒரு நர்ஸ். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கன்னடம் பேசுவார்கள். பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரியும். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புகூடச் சொல்வேன், தமிழில். கன்னடத்தில் ஒரு வாக்கியம் பேசு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேடிக்கை என் உடம்பிலேயே இருந்தும், அடுத்தவரிடம் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம் புத்தி சில நேரம் அப்படித்தான் வேலை செய்கிறது.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இண்டூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். கல்யாணம் ஆகவில்லை, வயது இருபத்தைந்துக்குள். எங்கள் தலைமையாசிரியை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சுகாதார நிலையத்தில் ஒரு மலையாள நர்ஸ் இருக்கிறார், சாயங்காலங்களில் போய் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடு என்றார். அங்குள்ள டாக்டர் கேட்டுக்கொண்டாராம். நான் உடனே ஒப்புக்கொண்டேன். என்னைவிட மூத்தவருக்குப் பாடம் நடத்தப்போகிறோம் என்ற பெருமை வேறு.

அந்த நர்ஸ்தான் அன்னம்மா. ஊரே அவரை நர்ஸம்மா என்று கூப்பிட்டது. நான் சிஸ்டர் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். வெளி மாநிலத்தார் இங்கே அரசு வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் தமிழ்த் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அதில் எழுத்துத் தேர்வை அவர் முதல் முறையிலேயே நல்ல மதிப்பெண்ணோடு தாண்டிவிட்டார். எதிரில் உட்கார்ந்து பேசும் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். கேள்வி கேட்டால் ஊமையாகிவிடுகிறார் என்று சொன்னார்களாம். மூன்றாம் முறையும் தோற்றால் வேலை கிடையாது என்று மேலிடத்திலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வேலை போனால் என்ன போகும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு லிசி என்று ஒரு மகள். அவள் பிறந்த கொஞ்ச நாளில் கணவர் இறந்துவிட்டார். குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு அன்னம்மா சிஸ்டர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். வேலை நிரந்தரமானால்தான் குடியிருக்க வீடு கொடுப்பார்கள், வீடு கிடைத்தால்தான் மகளைக் கூட்டி வரலாம். சுவரில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. அந்தப் படத்தில் இருந்த வயதைத் தாண்டி அவள் எவ்வளவோ வளர்ந்திருப்பாள் என்று அவரே ஒரு நாள் மலையாளத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வகுப்பு நடக்கும். பழைய காலண்டர் படங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, நானே படக்கட்டு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். ஒரு அட்டையை எடுத்துக் காட்டுவேன். சிஸ்டர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உதடு அசையும், சத்தம் வராது. "வாயில் வருந்நில்ல டீச்சர்" என்பார். வாயில் வரவில்லையாம். மறுநாளும் அதே அட்டை, அதே பதில். ஒரு மாதம் இப்படிப் போனதும் எனக்குப் பொறுமை விட்டுப்போனது. இந்தம்மாவுக்கு மொழி ஏறாது, டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு சாயங்காலம் போனேன்.

அன்று அட்டையை வெளியே எடுக்கக்கூட எனக்கு மனமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று, நான் சொல்லச் சொல்ல உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். நெற்றி என்றேன், தொட்டார். அது குழந்தைக்கும் தெரியுமே என்று அடுத்து விலா என்றேன். பிடரி, கெண்டைக்கால், குதிகால், புறங்கை, அடிவயிறு என்று போனேன். கை தயங்காமல் போய்த் தொட்டது. சரி, இந்த ஊர்க்காரர்கள் மட்டும் சொல்வதைப் போட்டுப் பார்ப்போம் என்று, மேலுக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய்க் காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து வந்து என் வாயருகே நீட்டினார். சுருக்கென்று குத்துகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, பிடித்து இழுக்கிறது, மரத்துப்போய்க் கிடக்கிறது, குடைகிறது, கடுக்கிறது என்று எனக்குத் தெரிந்த வலிகளையெல்லாம் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தும் கையை அசைத்தும் அது எப்படிப்பட்ட வலி என்று நடித்துக் காட்டினார். எனக்குச் சொல் தீர்ந்துபோனது. அவருக்குத் தீரவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தமிழ் தெரியாதவர் இல்லை. அவருக்குள் ஒரு தமிழ் நிறைந்து கிடக்கிறது. வெளியே வர வழி தெரியாமல் கிடக்கிறது. ஒன்றரை வருஷமாகத் தினமும் காலையில் அந்தச் சுகாதார நிலையத்து வாசலில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, இல்லாத கதையெல்லாம் பேசுவார்கள். இவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டபடி, ஊசியைக் கொதிக்க வைத்தபடி, வாய் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்ல நினைத்ததை அன்று நான் விழுங்கிவிட்டேன்.

இருந்தாலும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தொட்டுக் காட்டினால் அங்கே மதிப்பெண் போட மாட்டார்கள். எங்கள் பள்ளியில் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் புலவர் ஐயா. அவரிடம் யோசனை கேட்டேன். பத்துத் தலைப்பில் கட்டுரை எழுதி மனப்பாடம் செய்ய வை, எது கேட்டாலும் அதில் ஒன்றை ஒப்பிக்கட்டும் என்றார். அவர் ஒன்றும் விவரம் இல்லாதவர் இல்லை. இந்த வழியில் பலரைத் தேற வைத்தவர். சிஸ்டரும் சொன்னபடி மனப்பாடம் செய்தார். புலவர் ஐயா ஒரு நாள் நேரில் வந்து சோதித்தார். கேட்ட தலைப்பை சிஸ்டர் கடகடவென்று ஒப்பித்தார். நடுவில் ஐயா ஒரு சின்னக் குறுக்குக் கேள்வி போட்டார். அவ்வளவுதான், ஒப்பித்ததும் போய், பேச்சும் போய், சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா என்னைத் தனியே அழைத்து, இன்னும் பத்துக் கட்டுரை கொடு என்றார்.

நான் கொடுத்திருப்பேன். அந்தச் சனிக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் காலையிலேயே வகுப்புக்குப் போனேன். விடியற்காலையிலிருந்து நல்ல மழை. டாக்டர் கூட்டம் என்று தர்மபுரிக்குப் போய்விட்டார். உதவிக்கு இருக்கும் ஆயா ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து மாதம்மா என்ற பெண்ணைக் கட்டை வண்டியில் ஏற்றி, மேலே கோணிச் சாக்கைப் போர்த்திக் கொண்டு வந்து இறக்கினார்கள். தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிஸ்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் தலைமாட்டில் நின்று தோளைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார். கல்யாணம் ஆகாத நான் அவள் தலைமாட்டில் போய் நின்றேன்.

மற்றதை நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு கட்டத்தில் மாதம்மாவுக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்னால ஆகாதுங்க நர்ஸம்மா, என்ன வுட்ருங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் இவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. சிஸ்டர் குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு கண்ணு, என் மூஞ்சியப் பாரு. ஆகாதுன்னு சொல்றதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. கத்தாத தாயி, கத்துனா தெம்பெல்லாம் அதுல போயிரும். பல்லக் கடிச்சுக்க. அப்படித்தான். இப்ப வுடு, மூச்ச மெதுவா வுடு. இடுப்பு கடுக்குதா, அடிவயித்துல முட்டுதா? முட்டுதுன்னா வந்துருச்சுன்னு அர்த்தம். உங்க மாமியா வெளிய நின்னுட்டு ஆம்பளப் புள்ளயா பொட்டப் புள்ளயான்னு ரோசன பண்ணிட்டிருக்குது. அது பண்ணட்டும், நீ எதையும் ரோசன பண்ணாத. எனக்கு இன்னும் ஒரே ஒரு முக்கு முக்கு."

நான் மாதம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தேன். என்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் யாரும் இல்லை. பேசுவது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ராகம் மலையாளம், சொல் ஒவ்வொன்றும் எங்கள் ஊர். மாமியாரைக் கேலி செய்யும் அந்தக் குசும்புகூட எங்கள் ஊர்தான். சிஸ்டர் நிறுத்தவே இல்லை. கொஞ்சினார், அதட்டினார், பொய் சொன்னார், சிரிக்க வைக்கவும் பார்த்தார். மாதம்மா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே குழந்தையின் சத்தம் கேட்டபோது நானும் அழுதேன். குழந்தை பிறந்ததற்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பொய். ஒரு மொழி ஒருவருக்குள்ளிருந்து பிறப்பதையும் அன்று அதே அறையில் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதற்கு ஈடாக வேறெதையும் நான் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது, இவ்வளவு தமிழை எங்கே கற்றுக்கொண்டீர்கள் சிஸ்டர் என்று கேட்டேன். அவர் விழித்தார். உதடு அசைந்தது. பழையபடி சத்தம் வரவில்லை. தான் பேசியது அவருக்கே நினைவில்லை. நான் கேள்வி கேட்டதும் கதவு மறுபடி சாத்திக்கொண்டுவிட்டது.

இதைக் கவனியுங்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். சிஸ்டரிடம் யாராவது கேள்வி கேட்டால் அவருடைய தமிழ் ஒளிந்துகொள்கிறது. சிஸ்டர் அடுத்தவரைக் கேட்கும்போது, அடுத்தவருக்கு அவர் தேவைப்படும்போது, அது வெளியே வருகிறது. கேட்டுப் புரிந்துகொண்ட சொல் பேச்சாக மாறுவதற்குக் கட்டுரை உதவாது, அந்தச் சொல்லால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் தேர்வு என்பதே ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுதானே. அங்கே கேள்வி நம் கையில் இருக்காது.

தேர்வுக்குச் சொற்ப நாட்களே இருந்தன. புலவர் ஐயா சொன்னபடி செய்து சிஸ்டர் தோற்றால் பழி என்மேல் வராது. என் மனதுக்குப் பட்டபடி செய்து தோற்றால் ஒரு குழந்தை தன் அம்மாவிடம் வந்து சேராமல் போனதற்கு நான்தான் காரணமாவேன். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சிஸ்டரிடமே போய் இரண்டு வழியையும் சொன்னேன். மெதுவாக, தமிழில்தான் சொன்னேன். எல்லாம் அவருக்குப் புரிந்தது. கட்டுரைத் தாள்களை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முடிவை அவர் எடுத்தார் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

அதிலிருந்து நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தினமும் ஒரு நோயோடு போவேன். ஒரு நாள் பல்வலி, ஒரு நாள் வயிற்றுப் போக்கு, ஒரு நாள் மருமகள் சோறு போடாத மாமியாராகப் போய்த் தலைசுற்றல் என்று உட்காருவேன். முனகுவேனே தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் அவருக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள், எங்க வலிக்குது என்று கேட்டுவிட்டார். அப்புறம் கேள்விமேல் கேள்வி வந்தது. என் வயிற்றுப் போக்குக்கு முந்தின நாள் எந்தக் கடையில் என்ன தின்றேன் என்பதுவரை துருவிவிட்டார். ஆனாலும் நடுவில் நான் மறந்துபோய், நல்லாப் பேசறீங்களே சிஸ்டர் என்றால் போதும், தொட்டாற்சுருங்கியாகி விடுவார்.

தேர்வு தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. காலையில் பஸ் ஏறிப் போனோம். தேர்வாளர் சேலத்திலிருந்து வந்த பெரியவர், இறுக்கமான முகம், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. நான் ஒரு துணிச்சலில் அவரிடம் போய், இந்தம்மாவை மட்டும் நீங்கள் கேள்வி கேட்காமல், உங்களை அவர் கேள்வி கேட்க விடுங்கள் சார் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பரீட்சை எப்படி நடத்தறதுன்னு நீங்க எனக்குப் பாடம் எடுக்கறீங்களாம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். இருந்த கொஞ்ச வாய்ப்பையும் வாய்க்கொழுப்பால் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சிஸ்டர் உள்ளே போனார். நான் வெளியே ஜன்னலை ஒட்டி நின்றேன். தாங்கள் பணிபுரியும் ஊரின் சிறப்புகளைக் கூறுக என்றார் தேர்வாளர், நல்ல மேடைத் தமிழில். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுகாதாரத்தின் இன்றியமையாமை குறித்துச் சில சொற்கள் கூறுக என்றார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுவரில் இருந்த அந்தக் குழந்தையின் படம்தான் என் கண்ணுக்குள் வந்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தேர்வாளர் எழுந்திருக்கப் பார்த்தார் போலிருக்கிறது. பல்லிடுக்கில் ஒரு சின்ன முனகல். அதற்கப்புறம் சிஸ்டரின் குரல்.

"ஏனுங்க சார், முழங்காலுங்களா?"

அது ஒன்றுமில்லை, நீங்கள் விடை கூறுங்கள் என்றார் அவர்.

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் சுருங்குது? உக்காந்து எந்திரிக்கையில வலிக்குதுங்களா, நடக்க நடக்க வலிக்குதுங்களா?"

நான் ஜன்னலை இன்னும் நெருங்கினேன். உட்கார்ந்து எழும்போதுதான் என்றார் தேர்வாளர், குரலை இறக்கி. குத்துதுங்களா, கொடையுதுங்களா என்று கேட்டார் சிஸ்டர். அவ்வளவுதான், அந்தப் பெரியவரின் மேடைத் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கொடைச்சல்தாம்மா. படுத்தா தூக்கமே வர்றதில்ல. எங்கூட்ல என்னென்னமோ எண்ணெயப் போட்டுத் தேய்க்கறாங்க, ஒண்ணுத்துக்கும் கேக்கல."

சிஸ்டர் விடவில்லை. காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். வீக்கம் காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா என்று கேட்டார். மாடிப்படி எத்தனை ஏறுகிறீர்கள், கீழே சம்மணம் போட்டு உட்காருகிறீர்களா, எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டார். விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை என்று தெரிந்ததும் உரிமையோடு திட்டினார். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு பதில் சொன்னார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டரின் தமிழைக் கேட்டு வியப்பதா, இந்தப் பெரியவரின் தமிழைக் கேட்டு வியப்பதா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குள்ளும் இரண்டு தமிழ் இருந்திருக்கிறது. வலியைச் சொல்ல வேண்டி வந்ததும் தேர்வுத் தமிழ் அவருக்கும் கைகொடுக்கவில்லை.

கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டார். இது உன் ஏற்பாடா என்கிற மாதிரி பார்த்தார். உங்கள் முழங்காலுக்கு நான் எப்படி சார் ஏற்பாடு செய்ய முடியும் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் இந்தம்மா பதில் சொல்லல. இவங்க கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் பதில் சொல்லியிருக்கேன். இதுக்கு எப்படி மார்க் போடறதுன்னு எந்த விதியிலயும் இல்ல." இதைச் சொல்லிவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். "ஆனா ஒண்ணும்மா. தமிழ் தெரியாத ஒருத்தர் கிட்ட என் வலிய நான் சொல்லியிருக்க மாட்டேன்."

தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் எழுந்து நின்றார். கும்பிட்டார். வெளியே வந்ததும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். புலவர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். இதெல்லாம் விதிவிலக்கு என்றார் முதலில். அடுத்த வருஷம் அவரிடம் படிக்க வந்த ஒரு ஆந்திரக்காரருக்கு என்ன வேலை, யாரோடு பேசுவார் என்று விசாரித்துவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தார். அவருடைய பெருந்தன்மை அது.

லிசி அடுத்த கோடையில் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய குழந்தையை அம்மாவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அதைப் பற்றி நான் பேச மாட்டேன். ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பிள்ளைகளோடு ஓடுவாள், பாண்டி ஆடும்போது அவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நிற்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். மாதங்கள் ஓடின. வகுப்பு டீச்சர் என்னிடம் முறையிட்டார். எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது. இத்தனையும் கண்ணால் பார்த்தவள்தானே நான், இருந்தும் பழைய படக்கட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

சிஸ்டர் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு அரசாங்கம் கொடுத்த வீடு. வாசலில் லிசி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை அகல விரித்து ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டைகளை வெளியே எடுத்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து சொல்லித்தரட்டுமா சிஸ்டர் என்று கேட்டேன்.

கேள்வி கேட்டுவிட்டேனே என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆனால் சிஸ்டர் விழிக்கவில்லை, சத்தமில்லாமல் உதட்டை அசைக்கவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வுடுங்க டீச்சர். புள்ள சும்மா இல்லீங்க. கேக்கறதெல்லாம் உள்ள போயிட்டிருக்குது."

நான் அட்டைகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.